இடுப்புக்கு மேலே போகாத பந்து

கேன்டீனில் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டாம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். வட்டமாகப் போட்டால் ஆளாளுக்குப் பேசுவார்களாம். பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாகப் போட்டு, எதிரே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவர். பஸ் பணிமனையின் கால்பந்து அணிக்கு அவர்தான் செயலாளர். அவருக்குப் பக்கத்து நாற்காலி பயிற்சியாளருக்கு, அதாவது என் கணவருக்கு. அவர் அதில் உட்காரவில்லை. சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பல வருடங்கள் கழித்து என் கணவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்த சீசனைப் பற்றித்தான் பேசினார்கள். யாரால் தோற்றோம் என்பதில் அவர்களுக்குள் இன்னும் இரண்டு கட்சி. அவரைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியிலேயே குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் சொன்னது சரியில்லை. அன்றைய கேன்டீன் கூட்டத்தில் நான் இருந்தேன். பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

நான் பணிமனையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று குறிப்பதுதான் வேலை. ஊழியர்கள் எல்லாருமே விளையாட்டு மன்றத்தில் உறுப்பினர்கள் என்பதால் நானும் உறுப்பினர். அதற்கு முன் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அன்று போனதற்குக் காரணம் என் தம்பி.

தம்பி கோல்கீப்பர். விளையாட்டு ஒதுக்கீட்டில் எலக்ட்ரீஷியனாக எடுத்திருந்தார்கள். இன்னும் நிரந்தரமாகவில்லை. அணியின் பட்டியலில் அவன் பெயர் இருக்கும்வரை வேலை இருக்கும். பெயரை எடுத்துவிட்டால் வேலையும் போய்விடும். எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவன் படுக்கை. அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

முந்தின வருடம் அணி மூன்றாவதாக வந்தது. இந்த வருடம் முதல் பிரிவிலிருந்தே இறங்கிவிட்டது. எங்கள் அணி வாங்கிய கோல்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. ஓரத்திலிருந்து ஒருவன் பந்தை உயரத் தூக்கி அடிப்பான். நடுவில் ஒருவன் தலையால் முட்டுவான். தம்பி கோலை விட்டுப் பாதி தூரம் வந்து, போவதா திரும்புவதா என்று தெரியாமல் நிற்பான். பார்க்கிறவர்களுக்கு வேறு யாரைக் குறை சொல்லத் தோன்றும்?

அன்று காலை அவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். என் கணவர் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார். சில நாட்களாக இருவரும் ஒரே வேளைக்குச் சாப்பிட உட்காருவதைத் தவிர்த்தார்கள்.

"மத்தியானம் கூட்டத்துல என்ன சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லப் போறதில்லக்கா."

"உன் வேலைடா."

"தெரியும்." தட்டைத் தள்ளி வைத்தான். "வருஷம் பூரா பிராக்டீஸ்ல ஒரு பந்துகூட மேல பறந்து வரலக்கா. மேட்ச்ல திடீர்னு வருது. அது எங்க இறங்கும்னு கண்ணுக்குப் பழகவே இல்ல."

"அதையே சொல்லேன்."

"சொன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. மாமா பேர்தான் வரும். அவர் சோத்தைத் தின்னுக்கிட்டு அவர் பேரைச் சொல்லச் சொல்றியா?"

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் அணிக்கு மைதானம் கிடையாது. பிற்பகலில், காலை நடையை முடித்த பஸ்கள் பணிமனை முற்றத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். நடுவில் இருக்கும் இடத்தில்தான் பயிற்சி. இந்த வருடம் நீளமான புது வண்டிகள் வந்தன. நடுவில் இருந்த இடம் சந்து மாதிரி ஆகிவிட்டது. அந்த வண்டிகளின் கண்ணாடிகள் காது மாதிரி வெளியே நீண்டிருக்கும். சீசன் தொடங்கியதுமே இரண்டு கண்ணாடி உடைந்தது. இன்னொன்று உடைந்தால் உள்ளே பந்தே வரக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். உடனே என் கணவர் ஒரு சட்டம் போட்டார். பயிற்சியில் பந்து இடுப்புக்கு மேலே போனால், அடித்தவனுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. எல்லாரும் பந்தைத் தரையோடு உருட்டப் பழகினார்கள். என் ஜன்னலிலிருந்து பார்க்க அது அழகாகக்கூட இருக்கும்.

கூட்டத்தில் ஃபோர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதல்ல கோல்கீப்பர் விஷயத்தை எடுத்துக்குவோம்."

"அது என்ன சார், முதல்லயே கடைசி ஆளு?" என்றான் ஒட்டடை. டயர் பிரிவில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வலது ஓரத்தில் ஓடுகிறவன். உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் அந்தப் பெயர். "முன்னாடி நின்னவங்க கோல் அடிச்ச கதையையும் கொஞ்சம் கேக்கலாமே."

அணியில் முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவர் ஒரு கண்டக்டர். நாற்காலியோடு திரும்பினார். "பந்து வந்தாத்தானேப்பா அடிக்க? நீ ஓரமா ஓடுவே, ஓடுவே, கொடி நட்ட இடம் வரைக்கும் ஓடுவே. அப்புறம் என் காலுக்குத் தரையோட உருட்டுவே. அங்க நாலு பேரு காலை நீட்டிக்கிட்டு நிக்கறான். என் தலைக்கு ஒண்ணாவது வெச்சியா இந்த வருஷம்?"

"வெச்சா வாரின முடி கலைஞ்சுடும்னு நீங்களே குனிஞ்சுடுவீங்க."

சிரிப்பு எழுந்தது. ஃபோர்மேன் மேசையைத் தட்டினார். "சிரிக்கறதுக்கா கூடியிருக்கோம்? கீழ இறங்கிட்டோம்யா. மத்த பணிமனைக்காரன் என்னைப் பாத்து, என்ன சார் இறக்கத்துல பிரேக் பிடிக்கலியான்னு கேக்கறான். வெளிப்படையாவே சொல்றேன். மேல வர்ற பந்தைப் பாத்தா கீப்பர் நடுங்கறான். மாஸ்டருக்கு மச்சினன், அதனால அவர் வாயைத் திறக்கல. நான் திறக்கறேன். பட்டியல்லேருந்து அவன் பேரை எடுத்துட்டு ஆபீஸுக்குச் சொல்லிடலாம்னு என் யோசனை."

ஆபீஸுக்குச் சொல்வது என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. சிரித்தவர்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்கள். தம்பி கடைசி வரிசையில் இருந்தான். பாக்கெட்டிலிருந்த டெஸ்டரை எடுப்பதும் திரும்பச் செருகுவதுமாக இருந்தான்.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க," என்றார் ஃபோர்மேன். "கீப்பர் தப்பா, இல்லையா?"

என் கணவர் சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை. "பந்து அவனைத் தாண்டித்தானே போச்சு," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. பந்தைத் தொட்ட பிறகுதான் அவருக்கு அந்த நாள் விடியும். அந்த ஒரு மணி நேரம் முற்றத்தில் நின்று விசில் ஊதுவதற்காகவே மீதி நேரத்தைச் சகித்துக்கொண்டிருந்தார். அதை விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. தம்பியும் தலை நிமிரவில்லை. இரண்டு பேரும் இப்படியே இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நான் எழுந்தேன். "ஒண்ணு கேக்கலாமா?"

"டைம் ஆபீஸ் அம்மாவுக்கு ஃபுட்பால்ல என்ன சந்தேகம்?" என்றார் ஃபோர்மேன். சிலர் திரும்பினார்கள்.

"போன வருஷமும் இதே கீப்பர்தான். இதே கண்டக்டர், இதே ஒட்டடை. மூணாவதா வந்தீங்க. நடுவுல என்ன மாறிச்சு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஃபோர்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்றேன் என்ன மாறிச்சுன்னு," என்றார் கண்டக்டர். "போன வருஷம் இவன் பந்தைத் தூக்கிப் போட்டான். இந்த வருஷம் மறந்துட்டான்."

ஒட்டடை துள்ளி எழுந்தான். "மறந்துட்டேனா? வாங்க வெளிய. இப்பவே போட்டுக் காட்டறேன். தலையைத் தயாரா வெச்சுக்குங்க."

ஃபோர்மேன் தடுப்பதற்குள் பாதிக் கூட்டம் முற்றத்துக்கு வந்துவிட்டது. பஸ்கள் வழக்கம்போல இரண்டு பக்கமும் நின்றன. எஞ்சின் சூடு இன்னும் அடங்கவில்லை. ஒட்டடை பந்தைத் தரையில் வைத்தான். கண்டக்டர் கொஞ்ச தூரத்தில் போய் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

ஒட்டடை ஓடிவந்து உதைத்தான். பந்து தரையோடு உருண்டு கண்டக்டரின் கால்களுக்கு நடுவே போனது.

"தலை மேல இருக்குப்பா, முட்டிக்குக் கீழ இல்ல," என்றார் அவர்.

இரண்டாவது முறை, பின்னால் நிறையத் தள்ளிப் போய் ஓடிவந்தான். கால் கடைசி நொடியில் மடங்கியது. பந்து மறுபடியும் உருண்டது. மூன்றாவது முறையும் அதுவேதான். முதலில் விசில் அடித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். ஒட்டடை இடுப்பில் கைவைத்துத் தன் காலையே பார்த்தான், யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி.

"முடியல மாஸ்டர்," என்றான். "தூக்கணும்னுதான் வர்றேன். கண்ணாடி கண்ணுல படுது. கால் தானா இறங்கிடுது."

ஃபோர்மேன் வரிசையாக நீண்டிருந்த கண்ணாடிகளைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். தம்பி சட்டென்று முன்னால் வந்தான். "சார், விடுங்க. பிராக்டீஸ் எப்படி இருந்தா என்ன, பிடிக்க வேண்டியது நான்தானே? என் பேரையே எடுத்துடுங்க."

"நீ சும்மா இரு மாப்ளே," என்றார் என் கணவர்.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "சட்டம் போட்டது நான். அதுகூடப் பெரிசில்ல. கண்ணாடி உடையக் கூடாது, வேற வழியில்லன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. வழி இருந்துச்சு."

"என்ன வழி?" என்றார் ஃபோர்மேன்.

"இந்த வண்டிங்களை இங்க நிறுத்தறது யாரு? நான்தானே யார்டு டிரைவர். ஒரு வரிசையை எடுத்துப் பின்தெருவுல மதிலோரமா விட்டிருக்கலாம். போன வருஷத்தைவிட அதிகமாவே இடம் கிடைச்சிருக்கும்."

"ஏன் விடல?"

"கேட்டுக்கு வெளிய நிக்கற வண்டிக்கு எடுத்தவன்தான் பொறுப்பு. திரும்ப உள்ள வர்ற வரைக்கும் அவன் பக்கத்துலயே நிக்கணும். எடுத்து விட்டா ஒரு மணி நேரம் நான் தெருவுல நிக்கணும்." நிறுத்தி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "சீசன் ஆரம்பத்துலயே எனக்கு இது தோணிச்சு. எனக்கு உள்ள நிக்கணும். அவ்வளவுதான்."

கண்டக்டர் மெதுவாக, "மாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யாரையாவது கோச்சா போட்டிருப்போமே," என்றார்.

"அதனாலதான் சொல்லல."

ஃபோர்மேனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் தயார் செய்துகொண்டு வந்தது கீப்பரின் பெயரைத்தான். கடைசியில், அங்கேயே, பஸ்களுக்கு நடுவில் நின்றபடி, பயிற்சியாளரை மாற்றலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். முதலில் உயர்ந்தது என் கணவரின் கை. அதைப் பார்த்துத் தயங்கித் தயங்கி மற்ற கைகள் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. தம்பியும் தூக்கவில்லை. எங்கள் இருவரையும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி இல்லை, எரிச்சல்.

பட்டியலில் தம்பி பெயர் நிலைத்தது. கண்டக்டர் பயிற்சியாளரானார்.

அன்று வீட்டுக்கு மூவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரவில்லை. இரவு சாப்பிடும்போது தம்பி, "மாமா," என்று ஏதோ தொடங்கினான். "சாப்பிடு," என்றார் அவர். அவனை மன்னித்தாரா, என்னை மன்னித்தாரா, அல்லது மன்னிக்க வேண்டியது நாங்களா என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

புது சீசனின் முதல் பயிற்சி நாளில் நான் டைம் ஆபீஸில் இருந்தேன். பிற்பகலில் முற்றத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எந்த நடையும் கிடையாது. எட்டிப் பார்த்தால், சுவரோரத்து வரிசையின் முதல் வண்டியை என் கணவர் வெளியே ஓட்டிக்கொண்டு போகிறார். திரும்ப நடந்து வந்து அடுத்ததை எடுத்தார். வரிசை காலியாகும்வரை இப்படியே போய்ப் போய் வந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒட்டடை ஒதுங்கி நின்று வழி விட்டான்.

மாடியில் இருந்த என் ஜன்னலிலிருந்து முற்றமும் தெரியும், பின்தெருவும் தெரியும். உள்ளே ஆட்கள் பரவலாக ஓட ஆரம்பித்தார்கள். வெளியே மதிலோரமாகப் பஸ்கள் நீளமாக நின்றன. அவர் முதல் வண்டியின் பம்பரில் சாய்ந்து நின்றார். மதில் அவரை விட உயரம். அவருக்கு உள்ளே ஆட்கள் தெரிய வழியில்லை. குரல்கள் கேட்டிருக்கும்.

ஒட்டடை முதல் பந்தைத் தரையோடுதான் உருட்டினான். இரண்டாவதையும். கண்டக்டர் கத்தினார். அடுத்தது மதிலுக்கு மேலே எழும்பி, நின்ற மாதிரி ஒரு நொடி நின்று, கோல் பக்கம் இறங்கியது. தம்பி ஓடிவந்து குதித்தான். விரல் நுனியில் பட்டு நழுவிவிட்டது.

தெருவில் நின்றவருக்குப் பந்து எழும்பி இறங்கியது மட்டும்தான் தெரிந்திருக்கும், தம்பி பிடித்தானா என்பது தெரிந்திருக்காது. தலையைத் தூக்கி, அடுத்த பந்துக்காக மதிலுக்கு மேலே பார்த்துக்கொண்டே நின்றார்.