வெயில் நேரத்தில் நின்ற கரண்டு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் பால் சொட்டும் கித்தா மரங்கள் நின்ற இடத்தில் இப்போது சோலார் பலகைகள். மத்தியானத்தில் பார்த்தால் ஏரி மாதிரி இருக்கும். மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் படுத்திருக்கும் எனக்கு, இறங்கி நீந்தலாம் என்றுகூடத் தோன்றும். என் நுரையீரல் போன வருஷமே கைவிரித்துவிட்டது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் மூச்சுக் கொடுக்கிறது.

என் வீட்டுக்காரர் பெர்னார்டுக்கு அந்தப் பலகைகளுக்கு நடுவே புல் வெட்டும் வேலை. திறப்பு விழாவில் யாரோ பெரியவர், இனி நாட்டுக்குச் சுத்தமான மின்சாரம், தட்டுப்பாடே வராது என்றாராம். இவர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை சுங்கை சிப்புட் டவுனில் இன்னொரு நோயாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"கரண்டு நம்ம கொல்லையிலயே காய்க்குது கார்மென்!"

அதோடு விட்டாரா? எதிர்ச் சாப்பாட்டுக் கடை முகமது இப்ராஹிமின் டீசல் ஜெனரேட்டர் புகை எனக்கு ஆகாது என்று போய்ச் சண்டை பிடித்தார். ஆறு மாதமாகப் பேச்சில்லை. அந்தக் கடையில் வறுக்கும் மீ கோரெங் நூடுல்ஸுக்கு நான் ஏங்கியது யாருக்குத் தெரியும்?

போன செவ்வாய், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். மெஷின் கீச்சென்று கத்தி நின்றது. ஊரெங்கும் கரண்டு இல்லை. சாப்பிட வந்திருந்த பெர்னார்ட், சோலாரில் வேலை செய்யும் சுரேனுக்குப் போன் போட்டார்.

"லைன் செத்தா பலகையும் தானா நின்னுரும் அங்கிள். இல்லாட்டி கம்பியில வேலை பாக்குறவன் செத்துருவான் லா."

மூச்சு குறையக் குறைய, ஏரி ஜன்னல் வரை வந்துவிட்டது. அதற்குள் மரங்கள் நின்றன, பால் சொட்டியது, எங்கோ மணி அடித்தது. எனக்கு வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க... பாய்கிட்ட போங்க."

அசையாமல் நின்றார். சாகப்போவது நான், ரோஷம் இவருக்கு! முறைத்தேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

இப்ராஹிம் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்தார்.

"பாய், உங்க ஐஸ்பெட்டி?"

"கோழி போனா போவுது லா அண்ணே. அக்காவ பாருங்க மொதல்ல."

வேலியோரம் வைத்து, நீள வயர் இழுத்து, கயிற்றைச் சுண்டினார். புகை குபுகுபுவென்று கிளம்பியது. என் மூக்கில் காற்று ஏறியது. ஏரி மெல்லப் பின்வாங்கிப் பலகைகளாகப் படுத்துக்கொண்டது. உயிரோடு இருப்பது அவ்வளவு இனிப்பாக இருந்தது, அழுதுவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கூடத்து விளக்கு எரிந்தது. இப்ராஹிம் ஜெனரேட்டரை நிறுத்தக் குனிந்தார்.

பெர்னார்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு பாய். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."