எண்ணோடு நகர்ந்த கல்லறை

இரணியலுக்கு அருகே ஒரு கிறிஸ்தவ சபையின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியவள் ஷைஜா. பல சபைகள் அடங்கிய சேகரம் இரண்டாகப் பிரிந்ததால் இந்த ஆண்டு எல்லா உறுப்பினர்களுக்கும் புது எண் தர வேண்டியிருந்தது. திருமணப் பட்டியலிலும் அடக்கப் பட்டியலிலும் பெயர் கிடையாது. உறுப்பினர் எண் மட்டும்தான். எண் மாறினால் அங்கெல்லாம் தானாகவே மாறும்படி அவள் அமைத்திருந்தாள்.

மதியம் சரிபார்த்தபோது நேசபாய் டீச்சரின் பெயரில் கை நின்றது. ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர். பட்டியலின்படி அவர் 1961இல் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். கிழக்கு மதிலோரம்.

எண்தான் குழம்பிவிட்டது என்று அவருக்கு வேறோர் எண் கொடுத்தாள். கல்லறையும் அந்த எண்ணுக்குப் போயிற்று. இன்னொன்று கொடுத்தாள். அங்கேயும் வந்தது. தான் செய்த ஏற்பாடுதான் இது என்று தெரிந்தும் மூன்றாவது முறை விசையை அழுத்த விரல் கூசியது. அழித்துவிடவும் முடியாது, பழைய ஏட்டில் போதகரின் கையெழுத்து தெளிவாக இருந்தது.

போன் செய்ததும் டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது நானில்ல மக்கா. எனக்க அக்கா. நாப்பதாம் நாளு செத்துப்போச்சு. மறுவருசம் நான் பொறந்தேன். அதே பேர வச்சு, ஏட்டுல அதே வரியில எழுதிட்டாவ."

"அவங்களுக்குன்னு தனி நம்பரே இல்லியா டீச்சர்?"

"ஆரு கொடுப்பா? இப்பவும் ஆராவது பேரு சொல்லிக் கூப்பிட்டா நான் ஒடனே திரும்ப மாட்டேன். மொத தடவ கூப்பிடுகது அவளையாக்கும்னு தோணும்."

ஷைஜா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். உறுப்பினர் பட்டியலில் இறந்த குழந்தைக்கென்று ஒரு புது வரி சேர்த்தாள்.

"பக்கத்து நம்பரே போடு மக்கா. எங்கயோ தனியா போட்டுராத."

அப்படியே செய்தாள். அடக்கப் பதிவை அந்த எண்ணுக்குத் திருப்பினாள். பிறகு டீச்சரின் எண்ணை மாற்றினாள். இம்முறை கல்லறை நகரவில்லை.

"முடிஞ்சுது டீச்சர். இனி நீங்க வேற, அவங்க வேற."

டீச்சர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இப்ப ஆரோ எழும்பிப் போனது போல இருக்கு. அறுபத்திமூணு வருசத்துல இப்படி இருந்ததில்ல. கேட்டு வரைக்கும் கூட வாரியா மக்கா? தனியா நடக்கப் பயமா இருக்கு."

ஷைஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.