கேட்காமல் போட்டது

என் மகள் அபிதா அடுப்படி வாசலில் நின்று எங்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கல்லூரியில் அவளுக்கு செமினார். குடும்பக் கட்டுப்பாடு எப்படி ஆரம்பித்தது என்பது தலைப்பு. ஒத்திகை பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை போல. எனக்கோ மேகமலை ரோட்டில் ஜீப் ஓட்டி இடுப்பு கழன்ற அலுப்பு. என் மனைவி சகாயராணிக்குப் பிரசவ வார்டில் நர்சாக நாள் முழுக்க நின்று கால் வீங்கிய அலுப்பு. பெற்றுவிட்டோம், கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"பொம்பளைக்கு அவ ஒடம்பு மேல உரிமை வேணும்னு பேசுனவுகதான்ப்பா ஆரம்பிச்சாக. ஆனா அவுகள்லயே பல பேரு, ஏழை பாழை, ஊனமானவுக, புத்தி மந்தமானவுக எல்லாம் பெக்கவே கூடாது, நல்ல வித்து மட்டும்தான் பெருகணும்னும் பேசிருக்காக. அமெரிக்காவுல எத்தனையோ பேருக்குக் கேக்காமலே ஆப்பரேசன் பண்ணி விட்டிருக்காக. நம்ம சபை ரெண்டையும் எதிர்த்துச்சு. கருத்தடையும் பாவம், கட்டாய ஆப்பரேசனும் தப்புன்னு போப்பே எழுதிருக்காரு."

"பாத்தியா நம்ம சபைய!" என்றேன். ஏதோ நானே ரோமாபுரியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மாதிரி பெருமை.

"ரொம்பப் பூரிக்காதீகப்பா. போதும்னு கெஞ்சுன பொம்பளையையும் பெறுன்னுதான் சபை சொல்லுச்சு. அவகிட்ட ரெண்டு பக்கமும் கேக்கல."

சகாயராணி தோசையைத் திருப்பாமல் நின்றாள். கருகல் வாடை வந்தது. சபையைப் பற்றிய பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, நான் பேச்சை மாற்றினேன். மாற்றிய லட்சணத்தைக் கேளுங்கள்.

"நாளைக்கு வீரபாண்டி அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஒரு சவாரி இருக்கு. எஸ்டேட்டு மேல லயத்துல கயல்னு ஒரு பொண்ணு, பிள்ள வேணும்னு அக்னிச்சட்டி எடுக்குதாம். மூத்த பயலுக்கு நடையும் இல்ல, பேச்சும் இல்ல. ரெண்டாவது பொறந்த மாசமே போயிருச்சு. இருக்கிறதையே தூக்கிச் சுமக்க முடியல, இன்னொன்னு கேக்குது. இதுகளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளைங்கிறேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அபிதா சிரிக்கவில்லை. "நல்ல வித்துன்னு பேசுனவுகளும் இதத்தான்ப்பா சொன்னாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செருப்பால் அடித்தாற்போல இருந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

சகாயராணி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கயலுக்கு ரெண்டாவது பிரசவம் நான்தாங்க பாத்தேன்."

"சரி."

"டாக்டரம்மா மூத்தவனப் பாத்தாக. இதுக மறுபடியும் இப்படி ஒண்ணப் பெத்துட்டு வந்து நிக்கும், காப்பர்-டி போட்டு விட்ருன்னாக. போட்டு விட்டேன். அவகிட்டக் கேக்கல. வலியில கெடந்தா. பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன். சொல்லவும் இல்ல."

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பிள்ளை நிற்காமல் தடுக்கிற சாமானை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அது தெரியாமலே ஒருத்தி ஆத்தாளிடம் பிள்ளை கேட்டு விரதம் இருக்கிறாள். தடுத்தவள் என் வீட்டில் தோசை சுடுகிறாள். கயலை நாளைக்குக் கோவிலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிடப் போகிறவன் நான்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணுனியா?" என்றேன். எங்கள் ஆட்களுக்கு முதலில் வாயில் வருவது அதுதானே.

"பண்ணுனேன். கருத்தடை பண்ணி விட்டேன் சாமின்னு சொன்னேன். அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாக, சொன்னேன். மனசு லேசாயிருச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கேக்காமப் போட்டேன்னு சொல்லவே இல்லங்க. அது பாவம்னே எனக்குத் தோணல. தப்பு எதுவோ அதைச் சொல்லல, வேற எதையோ சொல்லி மன்னிப்பு வாங்கிட்டு வந்துட்டேன்."

நான் யோசித்தேன். நான் யோசித்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கே தெரியும். "செக்கப்னு கூப்பிட்டு, காதும் காதும் வச்ச மாதிரி எடுத்து விட்ரு. பெறகு உண்டாச்சுன்னா ஆத்தா குடுத்ததுன்னு சந்தோசப்படட்டும். சொல்லித் தொலைச்சு வேலைய விட்றாத."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னொரு வாட்டியும் அவகிட்டக் கேக்காமலா?"

காலையில் சகாயராணி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மலை ஏறினோம். லயத்து வாசலில் மஞ்சள் சேலையில் நின்ற கயல், அவளைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "சிஸ்டரு! நீங்களும் வாறீகளா? என் பிரசவம் பாத்த கைங்க. இந்த வாட்டி கெட்டியாத் தங்கும் பாருங்க." கயலின் மாமியாரும் கும்பிட்டாள். புருசன் சின்னக்கருப்பு மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். பயலின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பவுடர் பூசி, பொட்டு வைத்து, புதுச்சட்டை போட்டிருந்தார்கள். இதுகளுக்கெல்லாம் எதுக்கு என்று கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைக்க?

இறக்கம் முழுக்கக் கயல்தான் பேசினாள். பொம்பளைப் பிள்ளை பிறந்தால் அண்ணனைப் பார்த்துக்கொள்ளுமாம், "எங்க காலத்துக்குப் பெறகு அவனுக்கு யாரு இருக்கா அண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். நான் கியரை மாற்றினேன். கோவிலுக்கு முன்னால் சொல்லிவிடு என்று சகாயராணியிடம் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவள் வேலை போனால் அபிதா படிப்பு என்னாகும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

வீரபாண்டியில் அவர்களை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்ததில் நேரம் போய்விட்டது. நாங்கள் ஆற்றங்கரைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது, கயல் குளித்து முடித்து ஈரச்சேலையோடு சட்டியைத் தூக்கியிருந்தாள். வேப்பிலையை உள்ளங்கையில் பரப்பி அதன் மேல் சட்டி. உள்ளே கங்கு தகதகவென்று எரிந்தது. உறுமி மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை. சகாயராணி ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள். உதடு அசைந்தது. கயல் சிரித்தபடியே காதை நீட்டினாள்.

"கேக்கல சிஸ்டரு. சத்தமாச் சொல்லுங்க!"

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் காதில் கிசுகிசுத்தே பழகியவள் என் மனைவி. அந்தக் கூட்டத்தில், கயலின் மாமியார் நிற்க, புருசன் நிற்க, அடித்தொண்டையில் கத்தினாள்.

"ஒனக்குப் பிள்ள நிக்காம இருக்க, பிரசவத்தன்னைக்கே நான் காப்பர்-டி வச்சு விட்டேன் கயலு! ஒன்கிட்டக் கேக்காம வச்சேன்! அது இன்னும் உள்ளதான் இருக்கு!"

சின்னக்கருப்பு மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மாமியார் "அடிப்பாவி" என்றாள். கயல் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அது அங்கேயே நின்றது, கண் மட்டும் மாறியது. பின்னால் சட்டி ஏந்தி வந்தவர்கள் நகரச் சொல்லி நெருக்கினார்கள். ஏந்திய சட்டியைச் சன்னதி சேரும் முன் தரையில் வைக்கக் கூடாது. நான் சகாயராணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கயல் நகரவில்லை. கையில் வேப்பிலை சுருண்டு கருகிக்கொண்டிருந்தது.

"இத நான் இப்ப எங்கன எறக்கி வைக்க சிஸ்டரு?" என்றாள்.

சகாயராணி இரண்டு கைகளையும் நீட்டினாள். சட்டி அவளுக்கும் கயலுக்கும் நடுவில் எரிந்துகொண்டிருந்தது.