வரிசையில் முன்னால் நின்றவர்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் சாம்பலாய் வெளுத்துக்கொண்டிருந்தபோதே, குணசுந்தரியின் கையில் அன்றைய முதல் கூடை சுடச்சுட வந்து விழுந்தது.

காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகளை வார்க்கும் ஆலை அது. அச்சு வாய் பிளக்கும். கதவை இழுத்து, கையை உள்ளே விட்டுக் கூடையைப் பிடுங்க வேண்டும். ஓரங்களில் பிதுங்கி நிற்பதைக் கத்தியால் சீவி, அடுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் அச்சு மறுபடி வாய் பிளக்கும். அவளுடைய கையுறையின் விரல் நுனிகள் உருகி, இறுகி, நகம்போல் ஆகியிருந்தன. பிளாஸ்டிக் நெடி தொண்டையில் தங்கி, குடிக்கிற தண்ணீரிலும் அதே ருசிதான்.

கதவு திறந்திருக்கும்வரை அச்சு மூடக் கூடாது. அதற்காகவே கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. அவளுடைய மெஷினிலும், பக்கத்தில் சுமலதா நிற்கும் மெஷினிலும் அந்தச் சுவிட்ச் கெட்டுப்போய் வெகுநாளாகிறது. உற்பத்தி நிற்கக் கூடாதென்று அதைக் கம்பியால் கட்டிவிட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் அச்சு தன் பாட்டுக்கு ஓடியது.

முன்பெல்லாம் இப்படி ஒன்றென்றால் ஆதிகேசவனின் அறை வாசலில் போய் நிற்பார்கள். அவர் முதலாளியின் மச்சான். ஆலை முழுக்க அவர் பொறுப்பு. திட்டுவார், ஆனால் சொன்னது காதில் விழும். போன தீபாவளிக்குப் பிறகு அவர் அறையைச் சாத்திக்கொண்டார். இனி எந்தக் குறையானாலும் போனில்தான் சொல்ல வேண்டும், எங்கோ ஒரு கம்பெனி அதைப் பதிந்து அனுப்பும், நேரில் வந்து நிற்பவர்களுக்கு வேலை கிடையாது என்று அறிவித்தார்கள். ஐந்தே எண்கள் கொண்ட ஒரு நம்பரைக் கேட்டில் ஒட்டினார்கள். மாதப் பேக் போட்டிருந்தாலும் அந்த நம்பருக்கு மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் தனியாகக் காசு பிடித்தது.

வேலை நேரத்தில் செல்போன்கள் கேட்டில் பூட்டிக் கிடக்கும். ஷிப்டு முடிந்து பஸ் கிளம்புவதற்குள் குணசுந்தரி சுற்றுச்சுவர் ஓரம், கருவேலஞ்செடிகளுக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அந்த நம்பரைப் போடுவாள். ஒரு பெண்குரல் வணக்கம் சொல்லும். அவளுடைய அழைப்பு முக்கியமானது என்று சொல்லும். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லும். பிறகு புல்லாங்குழல். பேலன்ஸ் தீர்ந்து லைன் அறுகிறவரை புல்லாங்குழல்தான்.

புதுவாயலில் கடைகளுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் அவள் தனியாக இருந்தாள். புருஷன் ஆந்திர எல்லை தாண்டித் தடா பக்கம் வேறொரு குடும்பத்தோடு போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அவளைக் கூப்பிட யாருமில்லை. சில மாலைகளில் அறையிலிருந்தே அந்த நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைவாள். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே குழல் ஒலித்துக்கொண்டிருக்கும். யாரும் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் துண்டிக்க மனம் வராது. அன்று முழுவதும் அவளிடம் மரியாதையாகப் பேசிய ஒரே குரல் அதுதான். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. புகார் சொல்ல அலைவதை யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. ஆதிகேசவன் காதுக்குப் போனால் வேலை போய்விடும்.

ஒருநாள் காலை டீ வருவதற்குச் சற்று முன்னால் சுமலதாவின் குரல் கேட்டது. அலறல்கூட இல்லை. "அம்மா" என்று ஒரே சொல். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ராபின் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்தினான். அச்சைப் பின்னுக்கு நகர்த்திக் கையை வெளியே எடுத்தபோது கையுறையும் தோலும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

ராபினும் குணசுந்தரியும் கேட்டில் தங்கள் போன்களை வாங்கிக்கொண்டு, அவளை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். கம்பெனியிலிருந்து பொறுப்பான ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார்கள். ராபின் ஆதிகேசவனைக் கூப்பிட்டான். அந்த நம்பருக்குச் சொல் என்று வைத்துவிட்டார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து குணசுந்தரி நம்பரைப் போட்டாள். வணக்கம் சொன்ன குரல், அவளுக்கு முன்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்றது. குழல் ஆரம்பித்தது. ஏதோ தோன்றி அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதே குழல் ஜன்னலோரமிருந்தும் கேட்டது. அங்கே ராபின் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

"ராபினு, யாருக்குப் போட்டுக்கினு கீற?"

"அதே நம்பருக்குத்தாங்க்கா. எவனும் எடுக்க மாட்றான்."

"எனக்கு முன்னால ஒருத்தரு காத்துக்கினு கீறாருன்னு சொல்லுது."

ராபின் அவளையே பார்த்தான். "அப்ப அது நான்தாங்க்கா."

பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "அந்தக் கதவுக்காக நானும் எத்தினியோ தபா போட்டேன். சுமலதாக்காவும் டீக்கடை பின்னால நின்னுக்கினு போன் போடும். ஊட்டுக்காரராண்ட பேசுதுன்னு நெனச்சினு இருந்தேன். ஸ்ட்ரெச்சர்ல உள்ள தள்ளிக்கினு போவும்போதுதான் என்னாண்ட சொல்லிச்சு, கதவுக்காகத்தான் போட்டுதாம்."

குணசுந்தரி குழல் ஒலிக்கும் போனைப் பார்த்தாள். அத்தனை மாலைகளும் அவளுக்கு முன்னால் காத்திருந்தவர்கள் யாரோ எவரோ இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமும், டீக்கடைக்குப் பின்னாலும், பஸ் நிற்கும் இடத்திலும் முதுகு காட்டி நின்ற அவளுடைய ஆட்களே. ஒருத்தி திரும்பி இன்னொருத்தியைக் கேட்டிருந்தால் சுமலதாவின் கை முழுசாக இருந்திருக்கும்.

"கட் பண்ணு ராபினு," என்றாள். "அந்தாளு ரூம் வாசல்ல போய் வரிசை கட்டுவோம். அங்க நின்னா நிமிசத்துக்குக் காசு புடிக்க மாட்டான்."

அன்று மாலை ஆலைக்குத் திரும்பி, கம்பெனி பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பேசினாள். இத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. சொல்லி முடித்ததும் முன் சீட்டில் ஒருத்தி தானும் கூப்பிட்டதாகச் சொன்னாள். பின்னாலிருந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். புதுவாயல் வந்தும் பேச்சு நிற்காததால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தார்.

மறுநாள் விடியலில் பகல் ஷிப்டுக்காரர்கள் யாரும் மெஷினுக்குப் போகவில்லை. ஆதிகேசவனின் அறை வாசலில் நின்றார்கள். அவர் காரிலிருந்து இறங்கியதும் நிற்கிறவர்களை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இன்னா இது கும்பல்? கம்ப்ளெய்ன்டுக்குத்தான் நம்பர் குடுத்திருக்கே?"

"போட்டோம் சார். சுமலதாவும் போட்டுச்சு," என்றாள் குணசுந்தரி.

"அப்பிடி எதுவும் ரெக்கார்டுல இல்லியே."

"எடுத்தாத்தான சார் ரெக்கார்டு ஆவும்."

அவர் முகம் கறுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, நீ மட்டும் உள்ள வாம்மா. ஒவ்வொருத்தரா பேசிக்கலாம்."

அவள் கால் ஒரு கணம் முன்னே போகப் பார்த்தது. அறைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாளாக அவள் கேட்டு நின்ற காது இதோ திறந்திருக்கிறது, அவளுக்கு மட்டும். பக்கத்தில் ராபினின் மூச்சு கேட்டது.

"ஒவ்வொருத்தராப் பேசித்தான் சார் அவ கை போச்சு. எல்லார் எதுர்லயும் பேசுங்க. ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி ஆளு வரணும். கதவு சரியாவாத மெஷின்ல இனிமே யாரும் கைய வுட மாட்டோம்."

மத்தியானத்துக்குள் வெளியூர் ஆட்களை இறக்குவேன், இவர்களில் ஒருவரும் இந்தத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு ஆதிகேசவன் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெயில் ஏறியது. சிலர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாத வாடகையை நினைத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குணசுந்தரிக்கும் பயம்தான்.

அப்போது உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின. மாற்ற ஆள் வராததால் வீட்டுக்கு விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இரவு ஷிப்டு, கண்கள் சிவக்க வெளியே வந்தது. கேட்டுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். தரையில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைத் தொடர்ந்து ஒரு பெண். பிறகு மற்றவர்கள்.

பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகக் கிளம்பியது. உட்கார இடம் போதவில்லை. குணசுந்தரி நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு தோள் வந்து அவள் தோளை இடித்துக்கொண்டு அமர்ந்தது.