குலுங்காத கார்

இவன் இன்னும் எதைத் துடைக்கிறான்? அத்தை எடுத்த வாந்தியை நான் அன்றைக்கே அள்ளிப்போட்டுக் கழுவிவிட்டேன். எனக்கு அருவருப்பு வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு வருகிறது.

இப்படி எண்ணியபடி ஷர்மினி வாசலில் நின்று கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனேஸ்வரன் காரின் பின்சீட்டில் வாசனைத் திரவியத்தை அடித்து, மீண்டும் துடைத்தான்.

அழகுக்காகத் தரையோடு தரையாக அவன் இறக்கிவைத்த கார் அது. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியார் மாரியம்மாவை டயாலிசிசுக்கு அழைத்துப் போகையில், ஈப்போவின் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் இடிக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். "அம்மா படுற வேதனைய பார்க்க முடியல," என்று குடும்ப வாட்சாப் குழுவில் குரல் உடையப் பேசி அனுப்பினான் தனேஸ்வரன். ஜொகூரிலிருந்து அக்காள் புஷ்பலதாவும் தைப்பிங்கிலிருந்து அண்ணனும் உடனே பணம் அனுப்பினார்கள்.

அந்தப் பணத்தில் காருக்குக் குலுக்கலைத் தாங்கும் புது ஸ்பிரிங், புது அப்சோர்பர். கார் தாழ்வாகவே இருந்தது, இடிக்கவில்லை. முதல் சவாரி அம்மாவுக்கு அல்ல, நண்பன் தீபனுக்கு. சுங்காய் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பாதையில், தே தாரேக் தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்து ஓட்டிக் காட்டினான். "ஒரு சொட்டு சிந்தல பாத்தியா மச்சான்!"

சரிசெய்த காரில் அம்மா ஏறியது ஒரே முறை. திரும்பும் வழியில்தான் வாந்தி.

இன்று மறுபடியும் டயாலிசிஸ்.

"ஷர்மி, கார் ஒர்க்‌ஷாப்ல இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு. கிராப் டாக்சி கூப்டுறேன்."

"கார் இங்கதானே நிக்குது."

"பின் சந்துல போய் நிப்பாட்டிடுறேன். லெதர் சீட்டுலா. ஸ்மெல் ஏறுனா போவாது."

"கிராப்காரனுக்கும் சீட்டுதானே?"

"அவன் காசு வாங்குறான்லா."

"நீங்களும்தான் வாங்குனீங்க."

அவன் முகம் சுருங்கியது. "அது காருக்கு."

"அத்தை இடுப்பு வலின்னு சொல்லி வாங்குனது."

உள்ளேயிருந்து மாரியம்மா குரல் கொடுத்தார். "ஐயா, கிளம்பலாமா? காலையிலருந்து பச்சத் தண்ணி கூட குடிக்கலய்யா. வாந்தி வராது. பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கிட்டேன். ஒன் காரு அழுக்காவாது."

வாந்தியை அள்ளியபோது வராத அருவருப்பு ஷர்மினிக்கு இப்போது வந்தது. ஒரு தாய் பட்டினி கிடந்து பிள்ளையின் சீட்டுக்குக் காவல் இருக்கிறாள். அதைக் கேட்ட பிறகும் அவன் தலையை அசைத்து, போ, போய்ச் சொல் என்று கண்ணால் ஏவுகிறான்.

"பெத்தவங்க வலியக் காட்டி வாங்குன சொகுசுல பெத்தவங்களுக்கே இடமில்லன்னா, அத விட அசிங்கம் எதுவும் இல்லங்க," என்றாள் அவள்.

"பெருசா பேசாத. டைம் ஆவுது. போய்ச் சொல்லு."

அவள் கதவை விட்டு விலகி, அவனுக்கு வழிவிட்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய் அவங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."