மஞ்சள் துணியில் முடிந்த மௌனம்

மூச்சு விடுவதற்கெல்லாமா வகுப்பு என்று தெருவே சிரித்தது. அழகுமீனா கண்டுகொள்ளவில்லை. சிவகாசிக்கு வெளியே தியான இல்லம் நடத்தும் சிஸ்டர் ஜெசிந்தா மூன்று நாள் மௌன தியானத்துக்குக் கூப்பிட்டதும், கும்பிடுவது பத்திரகாளியை என்றாலும், கிளம்பிவிட்டாள். துணைக்குப் பக்கத்து வீட்டுக் குருவம்மாளையும் இழுத்துக்கொண்டாள். “வாங்க மதினி, மூணு நாளு கையும் காலும் ஓயட்டும்.”

ஓய்வெடுக்கவா அவள் போனாள்? மகன் அன்பரசன் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். அந்த வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு எந்தத் தாய் நிம்மதியாகச் சோறு தின்றாள்? மூன்று நாளும் வேலைக்குப் போகக் கூடாது என்று அவனைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். பிறகு மஞ்சள் துணியில் காசு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த மூன்று நாளும் வாயிலிருந்து ஒரு சொல் விழாது, பதிலுக்கு அவன் அந்த வேலையை விட்டு வந்துவிட வேண்டும் என்று பத்திரகாளிக்கு நேர்ந்துகொண்டாள். “இது விரதம் இல்லம்மா, மனசு அடங்குறதுக்குத்தான்” என்று சிஸ்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை. இடையில் பேசிவிட்டால் அவனுக்கு என்ன ஆகுமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். செல்போன்களைச் சிஸ்டர் முதல் நாளே வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். “மூச்ச இழுக்கும்போது இயேசுவே, விடும்போது இரங்கும். மனசு ஓடினா அதட்டாதீங்க, மெல்லக் கூட்டிட்டு வாங்க.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கல்குவாரி வெடியென்றால் ஒன்றோடு நின்றுவிடும். இது அடுத்தடுத்து வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் வந்தது தாயில்பட்டிப் பக்கமிருந்து.

அழகுமீனா சட்டென்று கண்ணைத் திறந்தாள். சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு அந்தப் பயல் போயிருப்பானோ? போனைக் கேட்கலாம். கேட்டால் பேச வேண்டும். பேசியதாலேயே அவன் போய்விட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இழுத்த மூச்சு வெளியே வர மறுத்தது. பக்கத்திலிருந்த குருவம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கென்ன, மகன் பாண்டி அதே கம்பெனியில் என்றாலும் வெளியே லோடு ஏற்றுகிறவன்தானே என்று அழகுமீனாவுக்கு எரிச்சலாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வாசலில் நின்று சைகை காட்டினார். ஆபீஸ் போனில் அன்பரசன்.

“எம்மா, நான் வீட்லதான் இருக்கேன்.”

அவளுக்குச் சந்தோஷத்தில் கத்தத் தோன்றியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் வரலன்னதும், சீசன் ஆர்டரு நிக்கக் கூடாதுன்னு பாண்டிய மருந்து கலக்கச் சொல்லிருக்காங்கெம்மா.” அவன் குரல் உடைந்தது. “போயிட்டாம்மா. அத்தைகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நீதாம்மா சொல்லணும். ஏதாச்சும் பேசும்மா.”

பேசாமலே போனை வைத்தாள். சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் அவனைக் கூப்பிட்டுப் போனைச் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். நேர்ச்சையும் கெடாது. அப்படியும் ஒரு கணம் நினைத்தாள். சீ, நானும் ஒரு பொம்பளையா என்று தன்மீதே அருவருப்பாக இருந்தது. என் பிள்ளைக்காக நான் வாங்கிய சத்தியத்தில் அல்லவா மதினியின் பிள்ளை போய்விட்டான்.

கூடத்துக்குத் திரும்பி வந்து பாயருகே நின்றாள். குருவம்மாள் கண்ணைத் திறந்து, உன் பிள்ளை நல்லாயிருக்கானா என்று கையாலேயே கேட்டாள். அழகுமீனா தலையாட்டினாள். குருவம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்து இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி கண்ணை மூடினாள். அவள் நிதானமாக மூச்சு விடுவதை அழகுமீனாவால் பார்க்க முடியவில்லை.

இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்துத் தரையில் வைத்தாள். குருவம்மாளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“மதினி” என்றாள். “கண்ணத் தொறங்க மதினி.”