தவிடு போன வழி

அக்காக்காரிக்கு ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் ஆதி அந்தம் வரை போய்ப் பார்க்காமல் சோறு இறங்காது. வீட்டில் அவளுக்குப் போலீஸ் என்றுதான் பெயர். இப்போது அவளைக் குடைந்துகொண்டிருந்தது இறால் குட்டைத் தண்ணீர். கடல் ஏறும் நேரம் பார்த்து மதகைத் திறந்து, உப்பங்கழித் தண்ணீரை மார்பளவு நிரப்புகிறாள். விடிந்து பார்த்தால் இடுப்பளவுதான் நிற்கிறது. மதகோ இறுக்க மூடிக் கிடக்கிறது.

"வெயில் குடிச்சிருக்கும்," என்றார் கணவர், பல் துலக்கியபடி.

"ராத்திரியில ஏதுங்க வெயிலு?"

அவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

சும்மா விடுகிற சங்கதியா இது? இன்னும் இறங்கினால் தண்ணீர் கொதித்து, பிடிக்கும் பருவத்தில் நிற்கும் இறால் மொத்தமும் போய்விடும். பகல் முழுக்க யோசித்தவளுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. கரைக்கு அந்தப் பக்கம் தங்கச்சியின் குட்டை. அங்கே தண்ணீர் ஏறியிருந்தது. தங்கச்சி தினமும் மதகைத் திறந்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. ஆனால் வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் எடுப்பது என்று முட்டிக்கொண்டதிலிருந்து இரண்டு வருஷமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிப்பதே இல்லை.

மறுநாள் காலை ஒரு முறம் தவிட்டை எடுத்துப்போய்க் கரையோரமாகத் தூவிவிட்டு உட்கார்ந்தாள். தவிடு அசையாமல் மிதந்தது. கரையில் சாய்ந்து நின்ற அலையாத்தி மரத்தின் வேரடியில் மட்டும் மெல்லச் சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் காணாமல் போனது. நண்டு வளை! நஷ்டமெல்லாம் மறந்து அவளுக்கு ஒரே குஷி. ஆனால் வளை எங்கே போய் முடிகிறது? கரைமேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

அங்கே தங்கச்சி குத்துக்காலிட்டு, சேற்றிலிருந்து வரும் தவிட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு என் குட்டையில தவிடு போடுறது?" நிமிராமலே கேட்டாள்.

"நான்தான். அது என் தண்ணிடி."

"அப்ப நான் தெனமும் வெளிய விட்டது?"

"அதுவும்தான்."

தங்கச்சி அண்ணாந்து பார்த்தாள். "நீ வேணும்னே என் கரைய முழுகடிக்கிறேன்னு நெனச்சேன்."

"புத்தி போறதப் பாரு."

ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் நண்டு மறுபடி தோண்டிவிடும். இரண்டு பக்கமும் களிமண்ணைத் திணித்தாக வேண்டும். மரத்தடியில் கரை கரைந்து ஒல்லியாகியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் குப்புறப் படுத்து, வளை எவ்வளவு அகலம் என்று கையை விட்டுத் துழாவினார்கள். திடீரென்று ஏதோ அக்காக்காரியின் விரலைக் கவ்விப் பிடித்தது.

"ஐயோ, நண்டுடி!"

"நண்டு இல்லக்கா, நான்தான்."

அக்காக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் இதற்குத்தான் ஏங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் விரலிடுக்கில் ஓடிக்கொண்டே இருந்தது.

"மண்ண வைக்கணும், கைய விடுடி," என்றாள்.

"நீ முதல்ல விடு," என்றாள் தங்கச்சி.